ஏழாம் குளத்துக் கொக்கு

சிமெண்டின் மேல் புதிதாக அடித்த எனாமல் பெயின்ட் மே மாத வெயிலில் காய்கிற வாசனையும், எங்கோ பொரியும் பஜ்ஜியின் எண்ணெய் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தால் இன்றும் நடக்கிற இடத்திலேயே நின்றுவிடுவேன். கேளம்பாக்கம் போகிற சாலையில், பொட்டல்வெளிக்கு நடுவே, ஒரு சிறுவர் கதையை வைத்தே கட்டிய ‘ஏழுகுளம்’ என்ற பூங்காவின் வாசனை அது. அங்கே நாங்கள் குடும்பத்தோடு போனது ஒரே ஒரு தடவைதான். அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான். என்னைவிட நான்கு வயது மூத்தவளான ரோஸ்லின் அக்கா அதற்கு நான்கு மாதம் முன்பே இறந்துவிட்டாள்.

தண்ணீர் வற்றாத ஏழாவது குளத்தைத் தேடி ஓர் ஆமையும் ஒரு கொக்கும் நடந்தே போகிற கதை அது. கொக்கு பறந்து போகலாமே என்று நான் கேட்டால், “கூட்டாளியை வுட்டுட்டுப் பறக்குமாடா?” என்று அக்கா தலையில் குட்டுவாள். வாரப் பத்திரிகையில் தொடராக வரும்போதே பாகம் பாகமாகப் புத்தகங்களாகி, எங்கள் பெருங்களத்தூர் காலனியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பைத்தியம் பிடிக்க வைத்த கதை. எங்கள் வீட்டில் புத்தகமாக வாங்கும் வழக்கமில்லை. தொடர் வந்த பக்கங்களை மட்டும் வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டை ஒட்டி, டீச்சரான அம்மா தன் கையாலேயே ‘பைண்டு’ பண்ணிவிடுவாள். அதை அக்கா படிப்பாள், நான் கேட்பேன். ஆமைக்கு இழுத்து இழுத்து ஒரு குரல், கொக்குக்கு மூக்கால் ஒரு குரல். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, ஆனால் அவள் குரல் இல்லாமல் அந்த ஆமை ஓர் அடி நகராது.

கடைசி அத்தியாயம் வந்த வாரம் அக்கா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்திரிகை வாங்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அதனால் எங்கள் ‘பைண்டிங்’கில் முடிவு மட்டும் கிடையாது. நான் அதைப் பின்வீட்டு ஜான்சன் வீட்டில் படித்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா கேட்ட முதல் கேள்வியே, “டேய், ஏழாங்குளம் கெடைச்சுதா?” என்பதுதான். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தது. முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் ‘கெத்’தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“வீட்டுக்கு வா, சொல்றேன்” என்றேன்.

“ஒரே ஒரு வரி சொல்லுடா, ப்ளீஸ்டா.”

மாட்டேன் என்று பழிப்புக் காட்டிவிட்டு வராந்தாவில் ஓடினேன். மூன்றாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் பெட்டிக்குள் படுத்திருந்தாள். நான் கேட்டபடி அவள் வந்துவிட்டாள், சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

பூங்கா திறந்ததும் கூட்டிப்போவதாக அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முழுப் பரீட்சை லீவு விட்டதும், “சொன்னா சொன்னதுதான், போறோம்” என்றார். “யாருக்குச் சொன்னீங்க, இப்ப யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று அம்மா கேட்டாள். ஆனாலும் மறுநாள் காலை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். ஜன்னல் சீட்டுக்கு என்னோடு சண்டை போட ஆள் இல்லை. கிடைத்த ஜன்னலில் நான் வெளியே பார்க்கவே இல்லை.

உள்ளே ஒவ்வொரு குளத்தின் கரையிலும் ஆளுயர ஆமையும் கொக்கும் சிமெண்டில் நின்றன. சுவிட்சை அழுத்தினால் அவை பேசும். ஆமைக்கு யாரோ ஒரு கட்டைக்குரல் ஆசாமி பேசியிருந்தார், எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாம் குளத்தில் சுவிட்சை அழுத்துவதற்கு முன்பே, முதுகுக்குப் பின்னால், இழுத்து இழுத்து ஒரு பெண்குரல் “இன்னும் எத்தினி தூரம்?” என்றது. சிலிர்த்துப்போய்த் திரும்பினேன். யாரும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்ற அம்மாவும் அதே பக்கம்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் குளம் மூடிய கூடத்துக்குள் இருந்தது. வாசலில் அம்மா நின்றுவிட்டாள். காவலாளி, “இன்னாம்மா, உள்ள போவலியா? முடிவு அங்கதானே கீது” என்றார்.

“எம்பொண்ணு படிக்காத முடிவை நான் பாக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அம்மா அங்கேயே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பாவும் தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தனியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாதத்தைப் பிரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே அம்மா, ஏதோ தோற்றுப்போனவள் மாதிரி, “என்னடா ஆச்சு கடைசில?” என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அதை அப்படியே விழுங்கினேன். அதைச் சொன்னால் அம்மாவும் வீடு வந்து சேரமாட்டாள் என்று நான் சத்தியமாக நம்பினேன். மூச்சு விடாமல் கொட்டினேன்: “ஏழாங்குளம் கெடைச்சுடும்மா, ஆமை உள்ள போயிடும், அப்புறம் வெளிய வராது, கொக்கு கரையிலயே நின்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஆனா இங்க தப்பா வச்சிருக்காங்கம்மா, ரெண்டு கால்ல நிக்குது. பத்திரிகைல ஒத்தக் கால்லதான் நிக்கும்.”

அம்மா நிமிர்ந்தாள். “பத்திரிகையை நீ எப்படா பாத்த?”

“ஜான்சன் வீட்ல. அக்கா ஆஸ்பத்திரில இருந்தப்ப.”

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. “அக்காகிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

அவ்வளவுதான். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, “கேட்டீங்களா, அவளுக்குத் தெரியுமாங்க, தம்பி சொல்லிட்டானாம்” என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். நான்கு மாதத்தில் அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். பயத்தில் சொன்ன பொய். ஆனாலும் அவள் சாப்பிடுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பூங்கா சில வருடங்களில் மூடிவிட்டது. குளங்களைத் தூர்த்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கார் நிற்கிற இடத்தில் எந்தக் குளம் இருந்தது என்று கேட்டால் என்னாலும் காட்ட முடியாது. கதையும் கடைகளில் இல்லை. அந்தப் பத்திரிகையும் நின்றுபோயிற்று. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். என்னோடு சினிமாவுக்கு வர என் மகள் பயப்படுகிறாள், பாதிப் படத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவேனாம். வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு அக்காவிடம் போகும்போது அம்மா பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் தவறாமல் சொல்வாள், “முடிவைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனா எம்பொண்ணு.” நான் பூவைப் பிரித்துக்கொண்டு குனிந்து நிற்பேன்.

போன வருடம், மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தபடி, இத்தனை காலத்தில் முதல் தடவையாக அம்மா கேட்டாள்.

“நீ முடிவைச் சொன்னப்ப அவ என்னடா சொன்னா?”

நாற்பதைத் தொடப்போகிறேன். உண்மையைச் சொல்ல இனி ஒரு நேரம் வாய்க்காது என்று தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

“ஆமை கண்டிப்பா வெளிய வரும், நீ வேணா பாருடான்னு சொன்னாம்மா.”

அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். “அவ அப்படித்தான் சொல்லியிருப்பா” என்றாள்.