கட்டை மேசையில் விழுந்ததா

கண் டாக்டர் நூரிஸ் ஆடு வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மருத்துவ இதழில் பொய் எழுதினாள் என்று எங்கள் பராஓனா ஊரில் பேசிக்கொள்கிறார்கள். முடிவெட்டும் கடையில் கேட்டால் ஒரு கிடாய் என்பார்கள். மீன் விற்கிற இடத்தில் கேட்டால் இரண்டு கிடாய், கூடவே ஒரு பெட்டி ரம். இப்படியே விட்டால் அடுத்த மாதம் பசுவும் கன்றும் வந்து நிற்கும். நடந்ததை நான் சொல்கிறேன், முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் எந்தக் கடையில் வேண்டுமானாலும் போய்ப் பேசுங்கள்.

நூரிஸ் குவேவாஸ் ஊர் ஆஸ்பத்திரியில் பல வருடமாகத் தற்காலிக டாக்டர். ஒவ்வொரு வருடமும் நிரந்தரம் செய்யப்போகிறோம் என்பார்கள். ஒவ்வொரு வருடமும் தலைநகரத்திலிருந்து எவனாவது கையில் அச்சான கட்டுரையோடு வந்து இறங்குவான். அவனுக்குப் புரை எடுக்கத் தெரியுமோ தெரியாதோ, கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. நூரிஸ் பாதி ஊருக்குப் புரை எடுத்திருக்கிறாள், அதற்கு மதிப்பெண் கிடையாது. உப்பளத்து ஆட்களுக்குக் கண்ணில் சதை வளர்வதைப் பற்றி ஒன்று எழுதி அனுப்பினாள். ‘இதில் புதிதாக எதுவும் இல்லை’ என்று திரும்பி வந்தது. இந்தமுறை அக்டோபர் முடிவதற்குள் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டாக வேண்டும். இல்லையென்றால் அவள் நாற்காலியில் வேறொருத்தன்.

அந்த நேரத்தில்தான் நொலாஸ்கோ கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நொலாஸ்கோ வாழைக்காய் லாரி வைத்திருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துல்சேயின் பலசரக்குக் கடை வாசலில் டோமினோ ஆடுவார். புள்ளி போட்ட கட்டைகளை முனைக்கு முனை பொருத்தி அடுக்குகிற ஆட்டம், கைக்கட்டை முதலில் தீர்ந்தவன் ஜெயித்தான். இங்கே டோமினோக் கட்டையை யாரும் மேசையில் வைப்பதில்லை, அறைவார்கள். கட்டை எவ்வளவு நல்ல கட்டையோ அறையும் அவ்வளவு பலம். அன்றைக்கு அவருக்கு வலப்பக்கம் எதிரணியில் உட்கார்ந்திருந்தது சிரிலோ. நொலாஸ்கோ மகளின் ஞானத்தகப்பன், அதாவது சண்டை போட்டாலும் கல்யாணத்துக்கு வந்தே தீர வேண்டிய உறவு. சிரிலோவிடம் மிச்சம் இருந்தது ஒரே கட்டை, இரண்டு முனைக்கும் பொருந்துகிற கட்டை. கையை வானத்துக்குத் தூக்கி ஒரு அறை விட்டான். கட்டையின் மூலை மேசை விளிம்பில் பட்டு உடைந்தது. சில்லு பறந்து நொலாஸ்கோவின் கண்ணில் ஏறியது. அவர் விழுந்தார், மேசையும் அவரோடு விழுந்தது, ஆட்டம் மொத்தமும் மண்ணில்.

ஆபரேஷன் மேசையில் அவர் சொன்ன முதல் பேச்சு: “டாக்டரம்மா, கட்டை மேசைல விழல. விளிம்புல பட்டுத் தெறிச்சிடுச்சு. ஆட்டம் செல்லாது.”

“வாய மூடுங்க. நீங்க பேசினா கண்ணு ஆடுது.”

“கண்ணு போனாப் போகுது. அவன் ஜெயிச்சான்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது.”

கண் போகவில்லை. நூரிஸ் சில்லை முழுசாக எடுத்துத் தையல் போட்டாள். கட்டுப் பிரித்த பிறகு, எதிரில் இருப்பவன் கையில் எத்தனை புள்ளி என்று தூரத்திலிருந்தே சொல்கிற பார்வை திரும்பி வந்துவிட்டது. டோமினோக் கட்டை கண்ணுக்குள் போனதாக அவள் தேடிய வரை யாரும் எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து எழுதினாள்.

எழுதியது கூடப் பரவாயில்லை. அனுப்புவதுதான் பாடு. படம் பெரிதாக இருக்கிறது என்றது இதழின் இணையதளம். குறைத்தாள். தெளிவில்லை என்றது. மறுபடி பெரிதாக்கினாள். ‘நோயாளியை அடையாளம் தெரியாதபடி கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைக்கவும்’ என்று ஒரு தகவல் வந்தது. “இது கண்ணைப் பத்தின கட்டுரைடா பாவி” என்று கணினியைப் பார்த்துச் சொன்னாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து பொத்தானை அழுத்தப் போகையில் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்தபோது தளம் அவளை யாரென்றே தெரியாது என்றது. முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பினாள், சொந்தப் பெயர் உட்பட.

கடைசியில் இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்து வந்தது. முதல் ஆள், கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னாருடைய மூன்று கட்டுரைகளை மேற்கோள் காட்டவேண்டும் என்றிருந்தார். அந்த இன்னார் அவரேதான் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. இரண்டாவது ஆள் வேறு ரகம். உடைந்த கட்டையின் படம் வேண்டுமாம். முடிவான வாசகத்தை நோயாளி படித்துப் பார்த்துச் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டுமாம். கடைசியாக ஒரு கேள்வி: ‘அறைந்தவர் வலப்பக்கம் இருந்தார் என்கிறீர்கள். அப்படியானால் சில்லு பக்கவாட்டில் நுழைந்திருக்க வேண்டும். உங்கள் படத்தில் காயம் நேர் எதிரிலிருந்து வந்திருக்கிறது. எப்படி?’

“எனக்கென்ன தெரியும், நானா ஆடினேன்?” என்று முணுமுணுத்தபடி நூரிஸ் ஞாயிற்றுக்கிழமை துல்சே கடைக்குப் போனாள். அக்டோபரில் பாதி ஏற்கெனவே போயிருந்தது.

நொலாஸ்கோ வாசகத்தைப் படித்தார். “எல்லாம் சரி. ‘ஆகவே அந்த ஆட்டம் செல்லாது’ன்னு ஒரு வரி சேத்துட்டா கையெழுத்துப் போட்டுடுறேன்.”

“இது மருத்துவ இதழ், நொலாஸ்கோ. அதுல ஆட்டம் செல்லுமா செல்லாதான்னு எவன் எழுதுவான்?”

“அப்ப எதுக்கு ‘கட்டையை ஆடினார்’னு எழுதியிருக்கீங்க? ஆடினார்னா விழுந்துச்சுன்னு அர்த்தம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிரிலோ பையிலிருந்து உடைந்த கட்டையை எடுத்துக் காட்டினான். கடிகாரச் சங்கிலியில் கோத்து வைத்திருந்தான். “இந்தா இருக்கு சாட்சி. டாக்டரம்மா, நான் ஜெயிச்சேன்னு எழுதுங்க, கட்டைய எத்தன படம் வேணாலும் எடுத்துக்கங்க. இல்லன்னா இது என் பையை விட்டு வராது.”

“மச்சான், விளிம்புல பட்டதெல்லாம் வெற்றியா? அப்ப என் லாரி சுவத்துல இடிச்சா வீட்டுக்குள்ள வந்துட்டேன்னு சொல்லலாமா?”

“உன் லாரிய நீ ஓட்டுற லட்சணத்துக்கு அப்படித்தான் சொல்லணும்.”

துல்சே கல்லாவுக்குப் பின்னாலிருந்து, “டாக்டரம்மா, ஒரு ஜில் பீர் போடட்டுமா? இதுங்க முடிக்காது” என்றாள்.

நூரிஸுக்குப் பொறுமை போயிற்று. கைப்பையை மேசைமேல் வைத்தாள். “ரெண்டு பேரும் உக்காருங்க. அன்னைக்கு எப்படி உக்காந்தீங்களோ அப்படியே. ஆட்டத்தையும் அப்படியே அடுக்குங்க.”

டோமினோ ஆடுகிறவர்களுக்கு மனைவி பிறந்தநாள் மறக்கும், ஆடின கட்டை மறக்காது. யார் எதைப் போட்டான், யார் முறை விட்டான் என்று இரண்டு பேரும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே அடுக்கினார்கள். ஒரு கட்டைகூட மாறவில்லை. கடைசியில் சிரிலோ தன் உடைந்த கட்டையைத் தன் முன்னால் நிறுத்தி வைத்தான், புள்ளிகள் தன் பக்கம் பார்த்தபடி.

“இப்ப அறையாதீங்க. கைய மட்டும் மெதுவா விளிம்புக்குக் கொண்டு வாங்க” என்றாள் நூரிஸ். கண்ணில் சில்லு நுழைந்த திசை அவளுக்குத் தலைகீழாகப் பாடம். ஒரு பென்சிலை விளிம்பிலிருந்து நொலாஸ்கோவின் கண்ணுக்கு நீட்டினாள். பென்சில் நெற்றிப்பொட்டுப் பக்கமாகப் போனது. பொருந்தவில்லை. அவர் தாடையைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினாள். இன்னும் பொருந்தவில்லை. கழுத்தைத் தாழ்த்தினாள். இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

“டாக்டரம்மா, நான் அப்படியெல்லாம் உக்காரல.”

“காயம் அப்படித்தான் சொல்லுது. அசையாதீங்க.”

பென்சில் நேராக வந்து நின்றபோது நொலாஸ்கோவின் மூக்கு சிரிலோவின் கட்டைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அதுவும் புள்ளி தெரிகிற பக்கத்தில்.

சிரிப்பை முதலில் ஆரம்பித்தது துல்சே. “அடப்பாவி, எட்டிப் பாத்தியா?”

“கழுத்து வலிச்சுது. சும்மா திருப்பினேன்” என்றார் நொலாஸ்கோ.

“என் கட்டையப் பாத்துத்தான் வலி தீரணுமா?” என்றான் சிரிலோ. அவனுக்கு உலகக் கோப்பையே கிடைத்த மாதிரி முகம். “டாக்டரம்மா, எழுதுங்க, இதத்தான் எழுதணும். மச்சான் திருடிப் பாக்கும்போது அடிபட்டுதுன்னு எழுதுங்க. கட்டை இந்தா, சங்கிலியோட எடுத்துக்கங்க.”

நொலாஸ்கோ அதற்குள் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். “ஆட்டம், செல்லாதது, ஒண்ணும் வேணாம். எப்படி வேணா எழுதுங்க. ஏன் திரும்பினேன்னு மட்டும் எழுதாதீங்க. இந்த ஊர்ல எனக்கு அப்புறம் யாரும் எதிர்ல உக்கார மாட்டான்.”

நூரிஸ் அங்கேயே கட்டையைப் படம் பிடித்தாள். அன்று மாலையே, கரண்ட் இருக்கும்போதே, ‘நோயாளியின் தலை வலப்புறம் திரும்பி முன்னால் சாய்ந்திருந்தது’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். முதல் ஆளின் மூன்று கட்டுரைகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கோள் காட்டினாள். அனுப்பினாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிடாய் கட்டியிருந்தது. கட்டின கயிறு நொலாஸ்கோ லாரியில் வாழைக்குலை கட்டுகிற கயிறு.

அக்டோபர் கடைசி வாரத்தில் கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டாவது மதிப்பீட்டாளர், காயத்தின் திசைக்கு இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது, திருப்தி என்று எழுதியிருந்தார். நவம்பரில் நூரிஸை நிரந்தரம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊருக்கு ஆட்டின் ஞாபகம் வந்தது.

போன வாரம் கண் சோதிக்கப் போன மீன்காரர் ஒருத்தர் அவளிடமே கேட்டுவிட்டார். “டாக்டரம்மா, கட்டை மேசைல விழலன்னு பொய் எழுதறதுக்கு ரெண்டு ஆடு வாங்கினீங்களாமே?”

நூரிஸ் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒரு ஆடு. கட்டை விழுந்துச்சா இல்லையான்னு நான் எழுதவே இல்ல. அந்தாளு எங்க பாத்துக்கிட்டிருந்தாருன்னு எழுதாம விட்டதுக்கு வந்த ஆடு அது. கறி வேகவும் இல்ல. தாடைய இங்க வைங்க, கண்ண நல்லா முழிங்க.”