கறைதான், தேய்த்தால் போய்விடும்

பழைய நாணயக் கடையில் அவருக்குப் பெயர் கறையார். காசோடு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசுக்கு நல்ல விலை உண்டு என்று செல்போனில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, வீட்டு அலமாரியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

"ராஜா தலையில கொம்பு இருக்கு சார், பாருங்க."

கறையார் காசை விளக்கின்கீழ் சாய்ப்பார். கண்ணில் லென்ஸ். பிறகு நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனில் பத்து நிமிடம் போடுவார். கொம்பு கரைந்துவிடும்.

"பசைங்க. கறைதான்."

"நல்லவேளை, ராஜா பொழைச்சார்" என்பார் முதலாளி கல்லாவிலிருந்து.

இருபத்தெட்டு வருடத் தொழில். கீறல் என்றால் பள்ளம். காசை அடிக்கும் அச்சில் விரிசல் என்றால் காசில் மேடு. அதெல்லாம் விரல் நுனிக்கே தெரிந்துவிடும். ஆளை ஏமாற்றுவது ஒன்றுதான்: உருக்கும்போது உலோகம் சரியாகக் கலக்காமல், காசின் உடம்பிலேயே ஓடும் கரிய கீற்று. பார்த்தால் சாட்சாத் கறை. ஆனால் கறை மேலே உட்காரும், திட்டுத்திட்டாகப் பரவும். கீற்று நேராக, ஒரே திசையில், எழுத்தின்மேல் ஏறி இறங்கி ஓடும். அசிட்டோனுக்கு அசையாது; அதுதான் நிஜமான பிழைக் காசு. புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார். அப்படி ஒரு காசு அவர் கைக்கு வந்ததே இல்லை.

மனைவிக்கு அவர் தொழிலைக் கிண்டல் செய்யாமல் பொழுது போகாது. "என்னையும் இப்படி விளக்குல சாய்ச்சுப் பாத்துத்தான் கட்டிக்கிட்டீங்களா?" என்பாள்.

"பாத்திருந்தா தப்பிச்சிருப்பேனே."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, திருப்பிக் குடுத்துடுங்க. பில்லு இருக்கா?"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மேசையில் காசுகளைப் பரப்பி வைத்திருந்தபோது, அவள் வந்து வலது கட்டைவிரலை விளக்கின்கீழ் நீட்டினாள். நகத்தில் பென்சிலால் இழுத்தமாதிரி ஒரு கோடு, அடியிலிருந்து நுனிவரை.

"இதையும் பாத்துச் சொல்லுங்க. எனக்கு எவ்வளவு விலை தேறும்?"

அவர் லென்ஸைக் கையில்கூட எடுக்காமல் சிரித்தார். "கறைதான். பாத்திரம் தேய்க்கிற கரி. தேய்ச்சாப் போயிடும்."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

இருந்தாலும் பஞ்சை அசிட்டோனில் நனைத்து அவரே துடைத்துவிட்டார். போகவில்லை. "ஆழமான கறை" என்றார். அவள் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள், பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள், ஒரு வருடம் தேய்த்தாள். வேறு யாரிடமும் காட்டவில்லை. வீட்டிலேயே இதற்கென்று ஓர் ஆள் இருக்கும்போது வெளியே எதற்குக் காட்ட வேண்டும்? நகம் வெடித்து, கறுப்பு பக்கத்துத் தோலில் இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் விளக்கை இழுத்தார். அவர் கையிலும் ஒரு லென்ஸ். வெகுநேரம் பார்த்தார். "இது மேல பட்டது இல்லம்மா. உள்ளேருந்து வருது. எத்தனை நாளா இருக்கு?"

அவள் சட்டென்று, "இப்பத்தான் டாக்டர், ஒரு மாசமா" என்றாள். கணவனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. விரலை எடுத்தார்கள். பிறகு புற்று அக்குளுக்குப் போனது, பிறகு நுரையீரலுக்கு. கடைசி வாரம்வரை அவள் கிண்டலை விடவில்லை. கறை என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார்.

அவள் போய் இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். முதலாளி முதுகில் தட்டி உட்காரவைத்தார். காசுகள் வந்தன. அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. "ஒண்ணும் இல்லீங்க, எடுத்துட்டுப் போங்க" என்று ஒப்பேற்றினார். லென்ஸில் காசு தெரிந்தால் தன் கண்ணை நம்ப முடியவில்லை. ஒவ்வொரு காசையும் நாலு தடவை பார்த்தார். வரிசை வாசல்வரை நின்றது. "கறையாரே, சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது சொல்லுவீங்களா?" என்றார் முதலாளி. பாதி வேடிக்கை, பாதி எச்சரிக்கை.

மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பர்ஸிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து வைத்தார். குறுக்கே ஒரு கரிய கோடு.

"கறையா இருந்தாச் சொல்லிடுங்க, தேய்ச்சு வச்சுக்கறேன்."

"தேய்க்காதீங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது.

அசிட்டோனில் போட்டார். பத்து நிமிடம், அரை மணி நேரம். எடுத்துச் சாய்த்தார். கோடு நேராக, ஒரே திசையில், எழுத்தின்மேல் ஏறி இறங்கி, விளிம்புவரை ஓடியது. திட்டு இல்லை, பரவல் இல்லை. அடியிலிருந்து நுனிவரை.

"போகலம்மா" என்றார். "உள்ளேருந்து வந்தது."

"அப்படின்னா?"

"அப்படின்னா நிஜம்."

முதலாளி கல்லாவை விட்டு ஓடிவந்தார். "இருபத்தெட்டு வருஷத்துல முதல் கீற்று! கறையாரே, இனிமே உம்ம பேரை மாத்தணும்யா!" யாரோ கை தட்டினார்கள். ஆசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு; நம்ப முடியாமல் மேசைமேல் குனிந்தார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

அவர் லென்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் கண் தெரிந்துவிடும்.

"பாத்துட்டேம்மா" என்றார்.