பெரியப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போன நாள்

எங்கள் பெரியப்பாவுக்கு மறதி நோய் என்று பெரியம்மா சொன்னபோது வல்லத்திராக்கோட்டையில் ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். யார் வீட்டுக்கு வந்தாலும் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க வாங்க, எங்கிட்டுருந்து வாரீங்க?" என்பார். வந்தவர் ஊரைச் சொல்வார். உடனே அந்த ஊர்ப் பாலம், அங்கே டயர் பஞ்சரான கதை என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை என்பது கடைசிவரை வெளியே வராது. என்ன ஞாபகசக்தி மனுஷனுக்கு என்று மெச்சிக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அவர்கள் தெருவைத் தாண்டியதும், "இப்ப வந்துட்டுப் போனது யாரு?" என்று பெரியம்மாவிடம் கேட்பார். சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் சோறு போடச் சொல்வார். "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்றால் கோபம் வந்துவிடும். அடுத்து வருகிறவரிடம், "இவ எனக்குச் சோறே போடுறதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதை மட்டும் நன்றாக நம்பினார்கள். பெரியம்மாவின் பெயர் ஊரில் கெட ஆரம்பித்தது. என் அப்பாவே, "அண்ணன் நல்லாத்தானே இருக்காரு. நீங்கதான் அண்ணி எதையாவது கெளப்பி விடுறீங்க" என்றார்.

"டாக்டர் சொன்னா நம்புவீங்கள்ல தம்பி?" என்றார் பெரியம்மா.

புதுக்கோட்டைக்கு நாங்கள் மூவரும் போனோம். எனக்கு ஒன்பது வயது, பள்ளி விடுமுறை. பெரியம்மா டோக்கன் வாங்கும்போது பெரியப்பா எங்கேயும் போய்விடாமல் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

டாக்டர் ஆரம்பிக்கும் முன்பே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். "டாக்டருக்கு எந்த ஊரு?" குன்றாண்டார்கோவில் என்றார் டாக்டர். அவ்வளவுதான். திருக்கோகர்ணத்தில் தொடங்கி, கீரனூர் வழியாக, ஒரு நிறுத்தம் விடாமல் ஒப்பித்து டாக்டரை அவர் ஊரிலேயே இறக்கிவிட்டார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பெரியம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு, "ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாமே ஞாயித்துக்கிழமைதான் சார்" என்றார். அதற்கும் சிரிப்பு. ஒரு தாளை நீட்டி, கடிகாரம் வரைந்து எண்களைப் போடச் சொன்னபோது மட்டும் சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். இன்னொரு நாளைக்கு வாரேன் சார்."

கண்ணாடி பெரியம்மாவின் பையில் இருந்தது எனக்குத் தெரியும். கேட்காமலே உதவி செய்கிற நல்ல பிள்ளை நான். பாய்ந்து எடுத்து, "இந்தாங்க பெரியப்பா" என்று கொடுத்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கோபம் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வட்டம் போட்டார். பஸ் காலியாக இருந்தாலும் படிக்கட்டிலேயே தொங்குகிறவர்களைப் போல, எண்களை ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிக்கொண்டே வந்தார். ஏழுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னது சரிதாம்மா. இது வயசு மறதி இல்ல, நோய்தான். இனிமே இவர எங்கேயும் தனியா அனுப்பாதீங்க" என்றார் டாக்டர்.

எனக்கு ஒரே சந்தோஷம். பெரியம்மா ஜெயித்துவிட்டார்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம், அப்பாவிடம் இதை நான் சொல்வதா அவர் சொல்வதா என்பதுதான் என் கவலை. பெரியம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். "என்ன சொன்னாரு டாக்டரு?"

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பதிலை முதல்முறையாகக் கேட்கப்போகிறவர் போல, பெரியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லையாம் தம்பி. நல்லாத்தான் இருக்காராம். நான்தான் சும்மா போட்டுக் கொழப்பிக்கிட்டேன்" என்றார் பெரியம்மா.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாதான் பலமாகச் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா என்னைத் தண்ணீர் எடுத்துவர உள்ளே அனுப்பிவிட்டார்.

இவ்வளவு பெரிய பொய்யை, அதுவும் தானே தோற்றுப்போகிற மாதிரியான பொய்யை, ஒருவர் எதற்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. கோபத்தில் இரண்டு நாள் நான் பெரியம்மாவுடன் பேசவில்லை.