செத்த காலேஜில் எங்கள் அம்மன்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். இது எங்கள் பரம்பரைச் சொத்து. அப்பா மாட்டை அடிப்பார், மாடு கையில் சிக்காவிட்டால் எங்களை அடிப்பார். நான் புதுச்சேரி மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு மேஸ்திரியின் பல்லைத் தட்டினேன். பிரெஞ்சுக்காரன் போவானா மாட்டானா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட நாட்களில், ரெட்டியார்பாளையம் சாலையில் தடியோடு நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். எந்தக் கட்சிக்காக நின்றாய் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முந்தின நாள் எங்கள் தெருக்காரனை எவன் அடித்தானோ, அவனுக்கு நான் எதிர்க்கட்சி. என் அரசியல் அவ்வளவுதான்.

அந்தக் கலவரத்துக்கு இரண்டு வருஷம் முன்னால்தான் எங்களுக்கு அம்மன் கிடைத்தாள். எங்கள் வீடு பிரெஞ்சு ராஜ்யத்தில் இருந்தது, கழனி எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் இருந்தது. ஏர் ஓட்டப் போனால் சாவடியில் மாட்டையும் சேர்த்து விசாரிப்பார்கள். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து அந்தக் கழனியில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் கடப்பாறை எதிலோ மோதி எகிறியது. பாறை என்று நினைத்த அப்பா, பாறைமேலும் கோபப்படக்கூடிய மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு குத்துக் குத்தினார். சித்தப்பாதான் அவரைத் தள்ளிவிட்டு, கையால் மண்ணை வாரினார். முழங்கால் உயரத்தில் ஒரு வெண்கல அம்மன் வெளியே வந்தாள். இடது தோளில் மூன்று காயம்.

சித்தப்பா அவளை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிக் கழனி ஓரத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். மூன்று நாள் பொங்கல் வைத்தோம். நாலாம் நாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். பூமிக்குள் கிடைத்த சிலை இந்திய சர்க்காருக்குச் சொந்தம் என்றார்கள். அப்பா கடப்பாறையைத் தூக்க, ஒரு போலீஸ்காரன் லத்தியால் அவருடைய தோள்பட்டையில் போட்ட போடு இரண்டு கழனி தள்ளிக் கேட்டது. அம்மனைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அதே வருஷக் கடைசியில், அதே கிணற்றில் கால் வழுக்கி விழுந்து, சுவரில் மண்டை உடைந்து அப்பா செத்தார்.

ஊருக்கு அது விபத்து. அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. இவர் அம்மன்மேல் மூன்று குத்துக் குத்தினார், அம்மன் ஒரே குத்தாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று தீர்மானமாகச் சொன்னாள். அந்த அம்மனை எப்படியாவது தேடிப் பிடித்து, எதிரே நின்று, அப்பாவின் பேரால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காமல் நான் கட்டையில் போகமாட்டேன் என்றாள். ஆனால் அம்மன் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவன் சித்தப்பா மகன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நான் அடிப்பதும் அவன் நடுவில் வந்து விலக்குவதுமாகவே வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் சென்னைக்கு மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் வேலை செய்தான். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்து மூன்றாவது வருஷம் ஒருநாள் வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து நின்றான்.

"அண்ணா, நம்ம அம்மன் செத்த காலேஜ்ல நிக்கிது."

சென்னைக்காரர்கள் மிருகக் காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும், சிலையும் ஓவியமும் பாடம்பண்ணிய மிருகமும் வைத்திருக்கிற பெரிய அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வது வழக்கம். லாரி பழுதாகி நின்ற நேரத்தில் பொழுது போகாமல் உள்ளே போயிருக்கிறான். தோளில் மூன்று காயம், கீழே அட்டையில் எங்கள் கழனி இருக்கிற ஊரின் பெயர். செத்த என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆடி மாதத்தில் போவது என்று முடிவானது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டின கதைதான். அவனைத் தவிர எங்களில் ஒருத்தரும் அருங்காட்சியகம் என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் பயணத் திட்டம் குலதெய்வக் கோயிலுக்குப் போடுவதுபோல வளர்ந்தது. இரண்டு குடும்பமும் போக ஒரு வேன். பொங்கல் பானை, மூன்று செங்கல், விறகு, வாழையிலை. பலி கொடுக்க ஒரு சேவலை வாங்கி அம்மா கம்பு போட்டு வளர்க்க ஆரம்பித்தாள். சித்தப்பா மகன் மட்டும், அது பெரிய கூடம், அம்மன் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறாள், காக்கி போட்ட காவல்காரன் பீடியைக்கூட வெளியே போடச் சொல்கிறான், அங்கே எங்கே பொங்கல் வைப்பது என்று கேட்டுப் பார்த்தான். அம்மன் நிற்கிற இடம் கோயில், கோயிலில் எவன் தடுப்பான் என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

மிச்சமிருந்தது ஒரே கேள்வி. அம்மன் முன்னால் கற்பூரத் தட்டை முதலில் பிடிப்பது யார்? முதல் திருநீறு எந்த வீட்டுக்கு? தீக்குச்சி கிழிக்கவே விடாத இடத்தில் கற்பூரத் தட்டுக்குச் சண்டை போட்டவர்கள் உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. மூத்தவன் வீடு எங்களுடையது, அதனால் தட்டு எனக்கு என்றேன். முதல் பூசை செய்தவன் நான், அதனால் தட்டு எனக்கு என்றார் சித்தப்பா. பிரெஞ்சுக் காலத்துப் பத்திர அதிகாரியான நொத்தேரிடம் போய்ப் பத்திரமாகவே எழுதி முத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று உறவில் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான் என்று இரண்டு தரப்பும் நினைத்தது. எங்கள் புத்தி அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களத்துமேட்டில் கூடிப் பேசினோம். ஆண்கள் எல்லாரும் சாராயக் கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தோம். பேச்சு தட்டிலிருந்து கழனிப் பங்குக்குப் போனது, கழனியிலிருந்து பாட்டன் காலத்துக்குப் போனது, அங்கிருந்து திரும்பவும் தட்டுக்கு வந்தது. அப்போது சித்தப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"கடப்பாறையால குத்துனவன் மவன் கையில தட்ட குடுத்தா அம்மன் மூஞ்சிய திருப்பிக்கும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பக்கத்தில் மாடு கட்டும் முளைக்குச்சி ஒன்று தரையில் அடித்திருந்தது. அதைப் பிடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது. ஈர மண்ணோடு வந்தது. சித்தப்பாவின் தலையைப் பார்த்து முழு பலத்தோடு வீசினேன். வழக்கம்போல நடுவில் சித்தப்பா மகன் வந்தான். முளை அவனுடைய இடது காதில் இறங்கியது. காது மடல் இரண்டாகப் பிளந்து தொங்கியது. அவன் விழவில்லை. கையைக் காதில் வைத்து, கையை எடுத்துப் பார்த்து, மறுபடியும் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

பிறகு நடந்தது மனிதர்கள் செய்கிற காரியம் இல்லை. சித்தப்பா என் தொண்டையைப் பிடித்தார், நான் அவர் கட்டைவிரலைக் கடித்தேன். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு பழைய பகையை எல்லாம் தீர்த்துக்கொண்டார்கள். என் பெண்டாட்டி உட்படப் பெண்கள் ஒருத்தி மயிரை ஒருத்தி பிடித்துத் தரையில் இழுத்தார்கள். பயணத்துக்கென்று களத்து ஓரத்தில் வைத்திருந்த புதுப் பொங்கல் பானையை எவனோ எவன் முதுகிலோ உடைத்தான். காலில் கயிறு கட்டியிருந்த சேவல் ஓட முடியாமல் எங்கள் மிதியிலேயே செத்துக் கிடந்தது. எனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. சண்டையில் எனக்கு எப்போதும் அது வரும்.

அதை நிறுத்தியது அம்மா. களம் கூட்டும் விளக்குமாற்றை எடுத்துவந்து, இத்தனை பேர் பார்க்க, என் முகத்திலும் தலையிலும் மாறிமாறி அடித்தாள். இருபத்தாறு வயது ஆம்பளையைப் பெற்றவள் விளக்குமாற்றால் அடித்தால் ஊரில் அவனுக்கு என்ன மிச்சம்? கூட்டம் தானாக விலகிவிட்டது. நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா மகனை மாட்டு வண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதைத் தைத்தார்கள், ஆனால் அந்தப் பக்கம் கேட்பது அன்றோடு போயிற்று. போலீஸ் வந்து விசாரித்தபோது, வண்டிச் சக்கரம் தூக்கும்போது நுகத்தடி அடித்துவிட்டது என்று சொல்லிவிட்டான். அதைக் கேள்விப்பட்டு எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அடி வாங்கியவன் திருப்பி அடித்தால் கணக்குத் தீர்ந்துவிடும், இவன் தீர்க்க விடாமல் நிற்கிறானே என்று.

பயணம் நின்றுபோயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆவணியில் ஒருநாள் அம்மா ஒரு மஞ்சள் பையில் குங்குமமும் மஞ்சளும் அம்மனுக்கு ஒரு சிவப்புச் சேலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விழுப்புரம் போய் ரயில் பிடிக்கலாம், நான் மில்லில் லீவு சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவந்தான் கூட்டிம்போறான். பங்காளி ரத்தம் பாத்த கையோட நீ அங்க வராத."

நான் கத்தினேன். நான் உன் மகன், அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான் என்று கதவை உதைத்தேன். தாழ்ப்பாள் தெறித்தது. அவள் பையின் வாயை முடிந்துகொண்டிருந்தாள். விடிந்ததும் காதில் கட்டோடு அவன் வந்தான், அம்மா அவன் பின்னால் நடந்தாள். சாலை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அம்மா நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவன் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான். வாசலிலேயே தீப்பெட்டியையும் கற்பூரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அம்மா கண்ணாடிப் பெட்டி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாளாம். எழுந்திரும்மா, நாலு பேர் நடக்கிற இடம் என்று காவல்காரன் அதட்டியும் எழவில்லையாம். சேலையை அந்தக் காவல்காரன் காலடியில் வைத்து, மூடும்போதாவது அம்மனுக்குச் சார்த்து என்றாளாம். அவன் எடுத்துக்கொண்டானாம்.

அப்பாவுக்காக எப்படி மன்னிப்புக் கேட்டாள் என்று கேட்டேன்.

"பெரிப்பா பேர எடுக்கவே இல்லண்ணா."

"பின்ன இன்னாடா கேட்டாங்க?"

"எம்மவன் இனிமே எவன் மேலயாவது கை ஓங்குனா அந்தக் கை வெளங்காம போவட்டும், நீ பாத்துக்கன்னு கேட்டுச்சி. சத்தமா கேட்டுச்சி. அங்க இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க."

பெற்றவள் சாபம், அதுவும் நேராக அம்மன் முகத்தைப் பார்த்து. நீ என்ன செய்தாய், சும்மாவா நின்றாய் என்று அவனிடம் சீறினேன்.

"நான் பக்கத்துல நின்னு அது பலிக்கக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்" என்றான். "உன் கை போச்சின்னா அண்ணி இன்னா பண்ணும்?"

பிளந்து தைத்த அந்தக் காதை நான் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அவன் எதிரிலேயே அழுதேன், அவன் போன பிறகும் அழுதேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை ரத்தம் தலைக்கு ஏறியிருக்கிறது, கை தானாக எழப் பார்த்திருக்கிறது. அம்மன் அந்த இரண்டு பேரில் யார் சொன்னதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஓங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் துணிச்சல் இன்றுவரை எனக்கு வரவில்லை.