பெங்களூரிலிருந்து வந்தவள்

இப்போது சண்டைக் காலம். தம்பானூர் ரயிலடியில் இறங்கினால் ஒரு போலீஸ்காரன் நிற்கிறான். பேர் என்ன, எங்கிருந்து வருகிறாய், யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் விடுகிறான். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போகிற பையன்கள், மனிதனுக்கு மானம் மரியாதை இல்லையா என்று குதிக்கிறார்கள். குதிக்கட்டும். எழுதிக்கொள்கிறவனுக்கு நான் பயப்படுவதில்லை. அவன் கேட்கும்போது பக்கத்தில் நின்று நமக்காகப் பதில் சொல்கிறானே சொந்தக்காரன், அவனுக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு இது இருபத்திரண்டு வயதிலேயே தெரிந்துவிட்டது.

அது கொள்ளைநோய்க் காலம். பெங்களூரில் பிளேக். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் போதும், ஜனங்கள் பாத்திரம் பண்டத்தோடு ஊருக்கு வெளியே கொட்டகை போடப் போய்விடுவார்கள். அந்தக் களேபரத்தில்தான் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஊர் நோய்க்குப் பயந்து ஓடியது, நான் அவர் கைக்குப் பயந்து ஓடினேன். என் மேல் விழுந்த அடியைப் பொறுத்துக்கொண்டேன். குழந்தை மேல் விழுந்த அன்று பொறுக்கவில்லை.

கரமனையில் என் அண்ணா இருந்தான். சர்க்கார் ஆபீஸில் குமஸ்தா. என் கல்யாணத்தின்போதே சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன். மலையாள ராஜ்யத்தில் எங்கோ இருக்கிறான் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தேடினால் திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டில்தான் தேடுவார்கள். நான் இருக்கும் இடம் தெரிந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை தகப்பனுடையது என்பது அன்று ஊரே ஒப்புக்கொண்ட நியாயம். ஆகவே நான் எங்கே இருக்கிறேன் என்பது வெளியே தெரியாமலிருந்தால்தான் பிள்ளை எனக்கு.

செங்கோட்டை ரயிலடியில் நிறுத்தினார்கள். நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு காகிதம் கொடுத்து, போகிற இடத்தில் பத்து நாள் தினமும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்றார்கள். சர்க்காரைக் குறை சொல்லமாட்டேன். பெங்களூரில் பிணங்களைப் பார்த்தவள் நான். புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். கட்டியவன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்பது அந்தக் குமஸ்தாவுக்கும் தெரியும். கரமனையில் இன்னாருடைய தங்கை என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். அந்த வழக்கத்தால் என் ஆயுசில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். கொல்லம் வரை ரயில், அப்புறம் வள்ளம், வள்ளக்கடவில் இறங்கி வில்வண்டி. அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்றான். மன்னி ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளையில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். கிறிஸ்தவ வேதக்காரர், குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெதுவாகப் பேசுகிற மனிதர். நான் ரேழிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் அண்ணாவைப் பார்த்து, "சுவாமி, ஞான் அகத்து வந்நு பதுக்கெச் சோதிக்காம். ஒரு ஸ்திரீயுடெ காரியமல்லே" என்றார். உள்ளே வந்து மெதுவாகக் கேட்கிறேன், ஒரு பெண்ணின் விஷயமாயிற்றே என்கிறார். இந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அன்னிய மனிதருக்குத் தோன்றியது கூடப்பிறந்தவனுக்குத் தோன்றவில்லை.

"படி ஏறப்படாது. அங்க நின்னே கேளும்" என்றான் அண்ணா.

வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்த இடத்தையும் அவர் மிதிக்கக் கூடாதாம். அதற்கும் அப்பால், நடுத்தெருவில் நின்றார். அந்த நேரம் தெருவே ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அங்கிருந்து கேட்க, நான் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்ல, அவர் காதில் விழவில்லை என்று சைகை காட்ட, நான் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. காய்ச்சல் உண்டா, நெறி கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்தால் தெரியட்டும். பிறகு புருஷன் பேர் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. செங்கோட்டையில் தப்பித்ததுபோல இங்கேயும் தப்பித்திருப்பேன். இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்விக்குப் போகத்தான் பார்த்தார்.

அண்ணா விடவில்லை. "அவ சொல்லமாட்டா, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தான். பேரைச் சொன்னான், ஆபீஸைச் சொன்னான், பெங்களூரில் எந்தத் தெரு என்பதையும் சொன்னான். கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்: "சொல்லாமக் கொள்ளாமப் பிள்ளையைத் தூக்கிண்டு ஓடி வந்திருக்கா. எனக்கு இதுல சம்பந்தம் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளும்."

உள்ளே வந்ததும், இப்படிச் செய்துவிட்டாயே என்று அழுதேன். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் சர்க்காரிடம் மறைக்கலாமா, நாளைக்கு விசாரணை என்று வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டான். அவனுக்கு அவன் நாற்காலி பெரிது. அன்னியனைப் படியேற விடாமல் காப்பாற்றிய மடி ஆசாரமும் பெரிது. பாக்கி ஒன்பது நாளும் இன்ஸ்பெக்டர் வந்து குழந்தையின் முகத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எதிர்வீட்டு மாமிக்குப் பெங்களூரில் ஒரு தம்பி இருந்தான். இரண்டு மாதத்துக்குள் என் மாமனார் வாசலில் வந்து இறங்கினார். அவரும் பெங்களூரிலிருந்துதான் வந்தார். ஆனால் அவருக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, பத்து நாளும் இல்லை. தென்காசியில் இறங்கி ஓர் இரவு தங்கி, அங்கே புதிதாக டிக்கெட் வாங்கிக்கொண்டு, செங்கோட்டையில் தென்காசிக்காரன் என்று சொல்லிவிட்டாராம். இதை அவரே காப்பி குடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னார், அண்ணாவும் கூடச் சிரித்தான். மெய் சொன்னவளைத்தான் அந்தக் காகிதம் பிடித்தது.

நான் அவர்களுக்கு வேண்டாம், பேரன் போதும் என்றார். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கதவை உடைத்தது மாமனார் இல்லை, அண்ணா. என் கையைப் பிரித்துப் பிள்ளையை எடுத்தவனும் அவன்தான். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியில் பூட்டியிருந்த மாடுகளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். சிரித்தபடியே போனான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஐந்து வருஷம் சமைத்துப் போட்டேன். போக்கிடம் இல்லை. பெங்களூருக்கு எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. தினமும் அண்ணாவுக்குச் சோறு பரிமாறும்போது இவனை என்ன செய்வது என்றுதான் நினைப்பேன். சாபம் கொடுத்துப் பார்த்தேன், நெய் ஊற்றிய சாதம்போல அவனுக்கு நன்றாகவே செரித்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது. திருச்செந்தூரில் பிரார்த்தனை என்று சொல்லிவிட்டு அண்ணா ஒரு வாரம் வெளியூர் போனான். திரும்பி வந்த இரண்டாம் நாள், மன்னி கோயிலுக்குப் போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டான். திருச்செந்தூர் போகவில்லை, கோயம்புத்தூர் போனானாம். அங்கே இன்ன தெருவில் இன்னார் வீட்டில் தங்கி, வம்சம் விளங்க இரண்டாவதாக ஒரு பெண் பார்த்திருக்கிறானாம். மன்னியிடம் நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். கோயம்புத்தூரில் பிளேக் ஆயிற்றே, செங்கோட்டையில் எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். தென்காசியில் இறங்கி ஏறினேன் என்று கண்ணைச் சிமிட்டினான். மாமனார் சொல்லிக்கொடுத்த பாடம்.

மறுநாள் காலை அவன் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான். அதே இன்ஸ்பெக்டர், தலை நரைத்து, அடுத்த தெருவில் யாரையோ பார்த்துவிட்டு எங்கள் வாசலைக் கடந்து போனார். நான் வாசலுக்கு வந்து, "உள்ளே வாங்கோ" என்றேன். அவர் திகைத்து நின்றார். "வேண்டா அம்மா. சுவாமி கண்டால் பிரளயம் ஆகும்" என்றார். ஆகட்டும் என்றேன். ரேழியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அண்ணாவைத் தவிர யாரும் உட்காராத ஊஞ்சலில் அவரை உட்கார வைத்தேன். அண்ணாவுடைய வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தேன். மன்னி சமையலுள் நிலைப்படியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னேன். அண்ணா கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்றாம் நாள், இன்ன தெருவில் இன்னார் வீட்டில் தங்கினான், செங்கோட்டையில் பொய் சொன்னான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர், எதற்காகப் போனார் என்று கேட்டார்.

"இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் பொண் பார்க்க" என்றேன்.

மன்னி உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் கையில் இன்னொரு டம்ளர் காப்பி இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு எதிரே வைத்துவிட்டு, அந்தப் பெண் வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அப்போதுதான் அண்ணா ஈரவேட்டியோடு வாசலில் வந்து நின்றான். ஊஞ்சலைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.

பொய் சொன்னவர்களுக்கு வீட்டில் பத்து நாள் கிடையாது, ஊருக்கு வெளியே கொட்டகையில்தான். வண்டிக்காரர்கள், மீன்காரர்கள் நடுவில் பாய் போட்டுப் படுத்து, யாரோ சமைத்த கஞ்சியைக் குடித்தான். ஆபீஸில் பொய்க்கு விளக்கம் கேட்டார்கள், உத்தியோகத்தில் ஒரு படி இறக்கினார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு வருத்தமே இல்லை. இன்னும் பத்து நாள் வைத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கொட்டகையிலிருந்து இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தான். மன்னி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டான். "கூடப்பொறந்தவன்தானேடி நான்? உனக்கு அப்படி என்ன பண்ணிட்டேன்?" என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"அவனுக்கு இப்போ எட்டு வயசு" என்றேன்.

"எவனுக்கு?" என்றான் அண்ணா.

நான் எழுந்து உள்ளே போனேன். அதற்குப் பிறகும் அவன் சாகும்வரை ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஒரு வார்த்தைகூட அவனோடு நான் பேசவில்லை.