மாமியார் பெயரில் வேலை

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தேன். அங்கே யாரும் தப்பென்று நினைக்காத ஒரு வழக்கம் உண்டு. செக்ரோல் என்கிற தொழிலாளர் பெயர்ப் புத்தகத்தில் புதிதாக ஒரு பெயரை ஏற்ற, தோட்டத்தை நடத்துகிற தொரை லேசில் சம்மதிக்க மாட்டார். அதனால் செத்துப்போனவள் பெயரை வெட்டாமல் வைத்திருந்து, அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருகிறவளை அதிலேயே வேலைக்கு அனுப்புவார் கங்காணி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் மாமியார் பெயரைக் கூப்பிட்டால் மருமகள், "வந்திருக்கேங்க" என்பாள். நானும் கூச்சமில்லாமல் வரவு வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சேமலாப நிதிச் சட்டம் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, தோட்டமும் தன் பங்கைச் சேர்த்து, பெயர் பெயராகக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். பெயர் சரியா என்று பார்க்கிற பொறுப்பு முதலாளியுடையது, அதாவது ஆபீசில் எழுதுகிற என்னுடையது. செக்ரோலில் இருந்ததை அப்படியே படிவத்தில் இறக்கினேன். அன்றே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

சில வருடங்கள் கழித்து, அப்படி மாமியார் பெயரில் கொழுந்து பறித்த ஒருத்திக்கு நெஞ்சு கெட்டுப்போனது. இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். புருசன் உயிரோடு இல்லை. அந்தச் சேமலாப நிதிப் பணம் ஒன்றுதான் அவளுக்குக் கதி. விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது, இரண்டும் ஒருவரே என்று தோட்டம் உறுதி செய்ய வேண்டும் எனப் பதில் வந்தது.

தொரையிடம் கொண்டுபோனேன். ஒன்றை ஒப்புக்கொண்டால் செக்ரோல் முழுவதையும் கிண்டுவார்கள் என்றார். அவர் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்தேன்: அந்தச் சான்றிதழில் உள்ள பெண் இத்தோட்டத்தில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. எனக்கு நான்கு பிள்ளைகள். இந்த உத்தியோகம் போனால் சோற்றுக்கு என்ன வழி என்று பயந்தேன். பயந்தேன் என்று இப்போது சொல்வதால் எதுவும் குறைந்துவிடப் போவதில்லை.

மறு வாரம் அவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள்.

"கெடைக்காதுன்னு சொல்லிட்டாங்களாங்கய்யா?"

"ஆமா" என்றேன். கடிதம் யார் எழுதியது என்று சொல்லவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"சரிங்க. எனக்குப் பதிலா இவ வேலைக்கு வரட்டும். இவளையாச்சும் இவ பேர்லயே எழுதுங்கய்யா."

தொரை அதற்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. விஷயம் அதோடு முடியட்டும் என்று நினைத்திருப்பார். பதிவுப் படிவத்தை எடுத்து, மகளின் பெயரைக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அடுத்த கட்டத்தில் ஒரு கேள்வி இருந்தது: தாய் இத்தோட்டத்தில் வேலை செய்தவரா?

தாய் எதிரே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். நான் 'இல்லை' என்று எழுதினேன்.