சிங்கநாதம் மூன்று

சத்தம் தேயிலைத் தோட்டத்து எல்லையில் நின்றுவிடும் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள், அப்போது ஒலிபெருக்கி செய்கிற கம்பெனியில் சம்பளம் வேறு வாங்கிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கையில் மைக்கைத் திணித்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றதும் பந்திப் பக்கம் ஓடிவிட்டேன். பசி என்று நினைத்துக்கொண்டார்கள். பசியும் இருந்தது.

ஐம்பதுகளில் ஹட்டன் பஜாரில், சாக்குக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது எங்கள் கம்பெனி. முதலாளி, ஒரு தச்சர், நான். அவ்வளவுதான் கம்பெனி. ரேடியோ வால்வும் கம்பியும் கொழும்பிலிருந்து வரும். பெட்டிக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. ஹாரன் செய்து தந்தவர் பூவாளி செய்கிற தகரக்காரர்; அதனால் பார்த்தவர்கள் எல்லாம் தண்ணீர் எங்கே ஊற்றுவது என்று கேட்டார்கள். வால்வு சூடேறினால் பெட்டிக்குள்ளிருந்து தேயிலை வாசம் வரும். இன்றைக்கும் பிளாஸ்கைத் திறந்தால் எனக்குத் தாகம் எடுப்பதில்லை. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றுதான் வாயில் வருகிறது.

முதல் தயாரிப்புக்கு 'சிங்கநாதம் ஒன்று' என்று பேர். இருமல் பிடித்த சிங்கம். அதற்கே பச்சைப் பெயிண்ட் அடித்தோம், 'சிங்கநாதம் இரண்டு' ஆனது. கைப்பிடி வைத்தது மூன்று. மூன்றில் உண்மையாகவே சத்தம் வந்தது. எப்படி வந்தது என்று முதலாளியைக் கேட்டால், "அது தொழில் ரகசியம்" என்பார். அவருக்கும் அது ரகசியம்தான்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட இதை வாங்கலாமா என்று யோசித்தார். அவர் வாங்கினால் மற்றத் துரைமாரும் வாங்குவார்கள். வாங்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"தம்பி, இது மட்டும் தேறிச்சுன்னா நீதான்டா மேனேஜரு" என்றார் முதலாளி. மேனேஜ் பண்ண தச்சர் ஒருவர்தான் இருந்தார். அவரும் என் பேச்சைக் கேட்கமாட்டார்.

ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக் கூரையில் ஹாரனை ஏற்றி, எதிர் மலையைப் பார்த்துத் திருப்பினேன். எதிரொலி அழகாக வரும் என்று எண்ணம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"அந்தப் பக்கம் வேற தோட்டமுங்க."

"ஆத்தத் தாண்டிப் போகாதுங்கய்யா" என்றேன், சத்தத்துக்கு நானே பாஸ் கொடுக்கிறவன் மாதிரி.

அன்று அங்கே மாரியம்மன் திருவிழா. துரை அரை நாள் லீவு விட்டு, முழுப்பேர் போடச் சொல்லியிருந்தார். ஒரு நாள் கூலிக்குத் தோட்டத்தில் 'பேர்' என்று சொல்வார்கள். அந்த நல்ல சேதியைச் சொல்லித்தான் வெள்ளோட்டம்.

"எல்லாரும் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்! முழுப்பேர் உண்டு! தொரை உத்தரவு!"

எதிர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். வரிசை வரிசையாக இறங்கத் தொடங்கினார்கள்.

"பாருங்கய்யா, நம்ம ஆளுங்க என்னா வேகம்!"

"மடப்பயலே, அது நம்ம ஆளுங்களாடா?" என்றார் கண்டாக்கையா.

அந்தத் தோட்டத்துக் கங்காணி கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மைக்கைப் பிடித்து, "எல்லாரும் திரும்பி வேலைக்கு வாங்க!" என்று கத்தினேன். எதிர் மலையில் ஒருத்தியும் திரும்பவில்லை. பாதி வழி போயிருந்த இந்தத் தோட்டத்து ஆட்கள்தான், என்னைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

அப்புறம் இரண்டு துரைமாரும் டெலிபோனில் பேசினார்கள். எங்கள் பெட்டிக்கே அத்தனை சத்தம் கிடையாது. நான் ஹாரனைச் சுமந்துகொண்டு ஹட்டன் வந்து சேர்ந்தேன்.

"எதிர் மலைக்கே கேட்டுச்சா? தெளிவாவா?" என்றார் முதலாளி. கண்ணில் தண்ணீர். ஆர்டர் போனது அவருக்கு மறுநாள்தான் உறைத்தது. அடுத்த மழைக்கு முன்னால் கடைக்குப் பூட்டு விழுந்தது.

இப்போது அங்கே கேசட் கடை. தகரக்காரர் போய்விட்டார். முதலாளியும் இல்லை. வால்வு என்றால் பிள்ளைகள் சைக்கிள் டியூபைக் காட்டுகிறார்கள்.

கடை பூட்டின கொஞ்ச நாளில் மஸ்கெலியா பஸ்ஸில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். அந்த எதிர்த் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். புத்தி வராத எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அன்னைக்கு நாந்தாங்க பேசினேன். தெளிவா கேட்டுச்சுங்களா?"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் கேட்டுச்சு. எங்களுக்கு அரைப்பேர வெட்டிப்புட்டாங்க. மலைக்கே கேக்குற மாதிரி பொட்டி செஞ்சீங்களே, எந்தத் தோட்டமுன்னு மொதல்ல சொல்லத் தெரியலியா ஒனக்கு?"